ஹாலந்துக்காரர் வீட்டு ஜன்னல்

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஜன்னல் துடைக்காத வீடு போலந்தின் பபியானித்ஸேயில் கிடையாது. இந்த வருடமும் கேனியா துடைத்தாள். எழுபத்தாறு வயதில் ஏணி மேல் ஏறி நின்றுதான் துடைத்தாள். மகள் கிங்கா கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கிங்காவின் வேலை லிஃப்ட் சோதிப்பது. கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்துவிட்டு, இதில் மனிதர்கள் ஏறலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள். அந்த ஏணிக்கு அவள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

"அம்மா, எறங்கு. நான் ஏறறேன்."

"நீ ஏறினா யாரு பிடிக்கறது? நான் பிடிச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து விழறதுக்கா?"

"இந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை."

"உங்கப்பாவுக்கும்தான் ஒரு கால் குட்டை. கடைசி வரைக்கும் நின்னாரே மனுஷன்."

துவைத்த திரைச்சீலையைப் பிழியாமல் ஈரத்தோடு மாட்டுவது கேனியாவின் வழக்கம். தன் கனத்திலேயே நேராகத் தொங்கிக் காயும், இஸ்திரி வேண்டாம். கொக்கியில் ஒவ்வொரு மடிப்பாக மாட்ட மாட்ட, வெள்ளை வலைத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டி கிங்காவின் பிடரி வழியாக முதுகில் இறங்கியது. இரண்டு கையும் ஏணியில் இருந்ததால் அவளால் துடைக்கவும் முடியவில்லை. மேலேயிருந்து பார்த்த கேனியா சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது.

"இதோட இங்க ஆச்சு," என்றாள் கேனியா, கடைசிக் கொக்கியை மாட்டிவிட்டு. "ஹாலந்துல ஒண்ணுதான் பாக்கி. ஈஸ்டர் முடியட்டும், போய் அதையும் முடிச்சுட்டு வந்துடறேன்."

"வருஷா வருஷம் இதத்தான் சொல்றே."

"இந்தத் தடவ ஈயக் கயிறே வாங்கி வெச்சாச்சு. போய் அலமாரியில பாரு."

திரைச்சீலையின் அடிமடிப்புக்குள் வைத்துத் தைக்கும் மெல்லிய கயிறு அது. உள்ளே ஈய மணிகள் இருக்கும். திரை பறக்காமல் நிற்கும். கிங்கா போய்ப் பார்க்கவில்லை. ஈரச் சட்டையை மாற்றப் போய்விட்டாள்.

ஈஸ்டர் கழிந்த வாரம் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்த கேனியா, பையை மடியில் வைத்தபடி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். கிங்கா ஒரு பொறியாளர். கயிறு ஏன் அறுந்தது என்று கேட்டுப் பழகியவள். டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

ஹாலந்து பாக்கி எப்படி வந்தது என்பது ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் கேனியாவோடு அதே திரைச்சீலை மில்லில் வேலை பார்த்தவர்கள். அப்போது கேனியா தையல் பிரிவுக்கு மேஸ்திரி. அரசாங்கம் தன் மில்களை எல்லாம் விற்றுத் தள்ளிக்கொண்டிருந்த காலம். இந்த மில்லை வாங்க ஹாலந்திலிருந்து ஃப்ளோரிஸ் என்று ஒருவர் வந்தார். விற்கலாமா கூடாதா என்று தொழிலாளர்கள் கூடிக் கை தூக்கிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

வெளிநாட்டு முதலாளி என்றால் அவர்களுக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான் என்றாள் ஒருத்தி. குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், அது போதாதா என்றாள் இன்னொருத்தி. கல்யாணமானவனா என்று மட்டும் கேட்டாள் மூன்றாமவள். கேனியா எழுந்து நின்று ஒரே விஷயத்தைச் சொன்னாள்.

"நேத்து கேண்டீன்ல சாப்பிட்டாரு. சாப்பிட்டதும் தட்ட அவரே கொண்டுபோய்க் கழுவற இடத்துல வெச்சாரு. நம்ம பழைய டைரக்டருங்க எத்தன பேரு வந்து போயிருக்காங்க. ஒருத்தன் தட்டத் தொட்டானா?"

அடுத்த வரிசையிலிருந்து செஸியா எழுந்தாள். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல் அவளுக்கு. கேனியாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. அதனால் அவளை எதிர்த்துப் பேசுவதைத் தன் உரிமையாகவே வைத்திருந்தாள்.

"இன்னிக்குத் தட்டத் தூக்கறவன் நாளைக்குத் தறியத் தூக்குவான். அப்ப நீ என்ன பண்ணுவே?"

"அப்ப என்னைக் கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

அந்த ஒரு வாக்கில்தான் கைகள் உயர்ந்தன. சில கைகள் வித்தியாசத்தில் ஹாலந்துக்காரர் வென்றார். செஸியா இரண்டு கையையும் பாவாடைப் பையில் விட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் வருடம் நன்றாகவே போனது. கிறிஸ்துமஸுக்கு மில்லை மூடிவிட்டு ஃப்ளோரிஸ் ஊருக்குப் போனார். போன கையோடு ஒரு லாரி வந்து இரண்டு தறிகளை ஏற்றிக்கொண்டு போனது. பழுதுபார்க்க என்றார்கள். அதைவிடப் பெரிய சேதியை, அவர் அறையைக் கூட்டிப் பெருக்கப் போனவள் கொண்டுவந்தாள். மேஜை மேல் அவர் வீட்டுப் புகைப்படம் இருந்தது. செங்கல் வீடு. தரை வரைக்கும் இறங்கிய பெரிய ஜன்னல்கள். எந்த ஜன்னலிலும் திரை இல்லை.

பபியானித்ஸேயில் ஜன்னல் வெறுமையாக நின்றால் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, ஈஸ்டர் வருகிறது. இல்லையென்றால் வீடு காலி. படத்தில் இருந்ததோ கோடைக்காலம்.

ஜனவரி மூன்றாம் தேதி புனித கெனோவெஃபாவின் நாள்; அந்தப் பெயரின் சுருக்கம்தான் கேனியா, அதனால் அவளுக்கு அது பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. நினைவிருக்கிறவர்கள் வருவார்கள். அந்த வருடம் எல்லோருக்கும் நினைவு இருந்தது. மேஜையில் ஹெர்ரிங் மீனும், மயோனைஸ் போட்ட காய்கறி சாலடும், கசகசா கேக்கும் வைத்திருந்தாள் கேனியா. வந்தவர்கள் பூவைக் கொடுத்தார்கள், கன்னத்தில் முத்தமிட்டார்கள், உட்கார்ந்தார்கள். யாரும் கேக்கைத் தொடவில்லை.

செஸியா கைப்பையைத் திறந்து அந்தப் புகைப்படத்தை எடுத்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கேர்ந்துடி எடுத்தே இத?"

"அவரு மேஜையிலேர்ந்து. வர்றதுக்குள்ள வெச்சுடுவேன், வந்தாருன்னா. நல்லாப் பாரு கேனியா. உள்ள விளக்கு தெரியுது, மேஜை தெரியுது, அந்தாண்டைப் பக்கத்துத் தோட்டம் கூடத் தெரியுது. திரைச்சீலை மில் முதலாளி வீடு இது. கடன்காரன் வந்து கொக்கியோட கழட்டிட்டுப் போயிருக்கான்."

"பெண்டாட்டி போயிட்டாளோ என்னவோ," என்றாள் ஒருத்தி. "பொம்பள இருக்கற வீடு மாதிரியா இருக்கு?"

"அதான் தறியைத் தூக்கிட்டாங்க. இனிமே அவரு வரமாட்டாரு. கேனியா, நீ பதில் சொல்றேன்னு சொன்னே."

அறைக் கதவருகே நின்றிருந்த கிங்காவுக்கு அப்போது பதினைந்து வயது. தொழிற்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கழுத்து சிவப்பதைப் பார்த்தாள். மில் போனால் இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் யாரும் நாளைக்கு அம்மாவோடு பேச மாட்டார்கள் என்பது அவளுக்கும் புரிந்தது.

கேனியா படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம்," என்றாள்.

"யாரு, நாமளா?"

"அவருதான். தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் உள்ள பாக்கறான். அந்த மனுஷனுக்கு எவ்வளவு வெக்கமா இருக்கும். வெக்கப்பட்டவன் எப்படி நம்ம மூஞ்சியில முழிப்பான்? வரமாட்டான்தான். மொதல்ல அவரு ஜன்னல மூடணும்."

பிறகு செஸியா ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"அளவு?" என்றாள்.

வருடத்துக்கு ஒரு முறை மில் தன் ஆட்களுக்கு வீட்டு உபயோகத்துக்கென்று துணி கொடுக்கும். அந்த வருடத்துத் துணி எல்லோர் வீட்டிலும் பிரிக்காமல் இருந்தது. துணிக்குக் குறைவில்லை. அளவுதான் இல்லை. படத்தில் சுவரோரமாக ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. செஸியா கீழே ஓடினாள். தன் புருஷனின் சைக்கிளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் நிறுத்தினாள். டயர் பனியில் நனைந்திருந்தது.

"அளடி கிங்கா. தொழிற்பள்ளியில கணக்குதானே படிக்கறே. சக்கரத்துக்கு இவ்வளவுன்னா ஜன்னலுக்கு எவ்வளவு?"

கிங்கா ஸ்கேலை வைத்துப் படத்தை அளந்தாள், டேப்பை வைத்துச் சைக்கிளை அளந்தாள், பெருக்கி வகுத்துச் சொன்னாள். அவள் வாழ்க்கையில் செய்த முதல் பொறியியல் கணக்கு அது. வந்த எண்ணைக் கேட்டுப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"இது ஜன்னலா, சர்ச்சா?"

"பணக்காரன் வீடு. அப்படித்தான் இருக்கும்," என்று தீர்ப்புச் சொன்னாள் செஸியா.

அதற்குப் பிறகுதான் ஹெர்ரிங் மீன் குறைய ஆரம்பித்தது. வீட்டில் காய்ச்சிய செர்ரி மது வெளியே வந்தது. எந்தப் பூவேலைத் துணி என்று சண்டை நடந்தது. ரோஜா வேண்டாம், ஆம்பளை வீட்டுக்கு இலைதான் நல்லது என்று முடிவானது. புறப்படும்போது செஸியா போதையில் சைக்கிளை மறந்துவிட்டுப் போனாள். கிங்காவின் அப்பா லாரி ஓட்டிவிட்டு விடியற்காலையில் வந்து சமையலறையில் அதன் மேல் மோதிக்கொண்டார்.

ஃப்ளோரிஸ் ஒரு வாரம் தாமதமாக வந்தார். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததாம். மில் வாசலில் ஷிஃப்ட்டில் இருந்த எல்லோரும் நின்றார்கள். கேனியா முன்னால் வந்து ரிப்பன் கட்டிய பெரிய பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் போலிஷ் பேசக் கற்றுக்கொண்டிருந்தார் மனிதர்; பெண்களை மரியாதையாக "பானி" என்று கூப்பிடும் அளவுக்கு வந்திருந்தது. கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பிரித்தார். பிரிக்கப் பிரிக்கத் துணி வந்துகொண்டே இருந்தது.

"எனக்கா? இது... எதுக்கு, பானி கேனியா?"

"உங்க வீட்டு ஜன்னலுக்கு, சார். சும்மா இருக்கே."

"ஆமா. சும்மா இருக்கு." அவர் புன்னகைத்தார். "அழகா இருக்கு இல்ல?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெண்டாட்டி சௌக்கியமா சார்?" என்று மெல்லக் கேட்டாள் கேனியா.

"மரைக்கா? சௌக்கியம். ஏன்?"

"கடன் கிடன் ஏதாவது..."

"இல்லையே. ஏன்?"

"அப்ப ஜன்னல்ல ஏன் சார் ஒண்ணும் இல்ல?"

அவருக்கு இப்போது புரிந்தது. "எங்க தெருவுல யாருமே போட மாட்டாங்க. வெளிச்சம் வேணும். மறைக்க ஒண்ணும் இல்லேன்னு காட்டணும். பழக்கம் அது."

"ஊர்ல யாருமேயா?"

"எங்க தெருவுல யாரும் இல்ல."

கேனியா இடுப்பில் கை வைத்தாள். "அப்புறம் எதுக்கு சார் திரைச்சீலை மில்ல வாங்கினீங்க?"

"நீங்க எல்லாரும் போடறீங்களே," என்றார் ஃப்ளோரிஸ்.

முதலில் சிரித்தது செஸியாதான். அந்தக் குரலுக்கு வாசலில் இருந்த புறாக்கள் பறந்தன. பிறகு எல்லோரும். ஃப்ளோரிஸும் சிரித்தார். முழுக்கப் புரிந்து சிரித்தாரா என்று சொல்ல முடியாது. துணியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பார்த்தார். அது அவர் தலையைத் தாண்டி இரண்டு பக்கமும் பனியில் புரண்டது.

"ஆனா இது... ரொம்ப நீளம், பானி கேனியா."

"சைக்கிள வெச்சு அளந்தோம் சார். படத்துல இருக்கே."

"அது என் பையன் சைக்கிள்," என்றார். "அவனுக்கு எட்டு வயசு."

பழுதுபார்த்த தறிகள் அடுத்த வாரம் திரும்பி வந்தன. கேனியாவிடம் அதன்பின் யாரும் பதில் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கிங்காவிடம் சொன்னாள்:

"டி.வி.யில உலகமயமாதல், உலகமயமாதல்னு கத்தறாங்களே, இன்னிக்குத்தான் புரிஞ்சுது. தன் வீட்டு ஜன்னல்ல மாட்டாதத ஊரெல்லாம் விக்கறது. அதுல தப்பொண்ணும் இல்ல. செருப்பு விக்கறவன் எல்லாச் செருப்பையுமா போட்டுக்கறான்?"

மரைக்கா அந்தத் திரையை மாடிப் படுக்கையறையில் மாட்டினாள். ஒரு முழத்துக்கு மேல் தரையில் கிடந்தது. அக்கம்பக்கத்தார் வந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஏன் ஜன்னலை மூடிவிட்டீர்கள் என்று கவலையோடு விசாரித்தார்களாம். ஃப்ளோரிஸ் வந்து இதைச் சொன்னபோது கேனியாவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தாள்.

"கத்தரி மட்டும் வெச்சுடாதீங்க. தெரியாம வெட்டினா பிரிஞ்சுக்கிட்டே போயிடும். நானே வந்து மடிச்சுத் தைச்சுத் தரேன். ஈஸ்டர் முடியட்டும்."

அதோடு சரி. ஃப்ளோரிஸ் பத்து வருடம் மில்லை நடத்திவிட்டு, பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு ஜனவரி மூன்றாம் தேதியும் தொலைபேசி அடிக்கும். கேனியா எடுத்ததும் மறுமுனையிலிருந்து வாழ்த்துக்கு முன்னால் வருவது ஒரே வாக்கியம்.

"பானி கேனியா, மாடி ரூமைக் கூட்ட முடியல. எப்ப வர்றீங்க?"

"ஈஸ்டர் முடியட்டும் சார்."

போக முடியாமல் இல்லை. எல்லைகள் திறந்தன, பஸ் வந்தது, மலிவு விமானமும் வந்தது. அன்றைக்குக் கையைப் பாவாடைப் பையில் விட்டுக்கொண்டு நின்ற செஸியாவே அயர்லாந்திலிருக்கும் மகளைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு முறை பறந்தாள். கேனியா விடுவாளா?

"கை தூக்காதவளெல்லாம் இப்ப ஏரோப்ளேன்ல கால் நீட்டிட்டுப் போறா."

"நான் போறேன். நீ போகலையே," என்பாள் செஸியா. "உன்ன எனக்குத் தெரியாதா. தைச்சு முடிச்சுட்டா அப்புறம் போன்ல பேசறதுக்கு என்னடி இருக்கும் உங்களுக்கு?"

மில்லை வாங்கிய பெரிய கம்பெனியை கேனியாவுக்குப் பிடிக்கவில்லை. கெட்டவர்கள் என்றல்ல. சம்பளம் ஒழுங்காக வந்தது. அங்கே யாருமே இல்லை என்பதுதான் அவள் குறை. உத்தரவு கம்ப்யூட்டரில் வந்தது, கேண்டீன் போய் ஒரு இயந்திரம் வந்தது. "தட்டே இல்ல, யாரு தூக்கறான்னு எப்படிப் பாக்கறது? முகம் இருக்கற வெளிநாட்டான் எவ்வளவோ தேவல. திட்டறதுக்காவது ஒரு முகம் வேணாமா?"

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பக்கத்து நகரமான வூட்ஜின் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி கேள்வித்தாளோடு கதவைத் தட்டினாள். கிங்காவும் அன்று வீட்டில் இருந்தாள்.

"வெளிநாட்டுத் தொழிலதிபர்களைப் பத்தி உங்க கருத்து? நல்லது, கெட்டது, சொல்றது கஷ்டம். மூணுல ஒண்ணு."

"யாரைப் பத்திக் கேக்கறேம்மா?"

"பொதுவா."

"பொதுவா எனக்கு யாரையும் தெரியாதே. ஒருத்தரத்தான் தெரியும். அவரு வீட்டுத் திரை ரொம்ப நீளம். அத எதுல போடுவே?"

மாணவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கேனியா அவளை உட்கார வைத்து ஆப்பிள் கேக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "இவளுக்கு நல்லதுன்னு போட்டுக்கோ," என்றாள் கேனியா மகளிடம்.

இந்த ஜனவரியில் ஃப்ளோரிஸ் கூடுதலாக ஒன்று சொன்னார். மாடி ஏற முடியவில்லை. கோடையில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். அந்தத் திரையை அங்கேயும் கொண்டுபோக வேண்டும் என்று மரைக்கா பிடிவாதமாக இருக்கிறாள். அதற்குத்தான் கேனியா ஈயக் கயிறு வாங்கினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கிங்கா ஹாலந்துக்குத் தொலைபேசினாள். சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். மறுமுனையிலிருந்து அதே பழைய, தடுக்கி விழுகிற போலிஷில் குரல் வந்தது.

"நாங்க வெட்டல, கிங்கா. இத்தன வருஷம் கத்தரி வெக்கல."

"தெரியும்."

"பானி கேனியா சொன்னாங்க, வெட்டினா பிரிஞ்சுடும்னு."

"பிரிஞ்சுடும்." கிங்கா பேனாவை எடுத்தாள். "புது வீட்டு ஜன்னல் எவ்வளவு உயரம்? சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

மனைவியிடம் அவர் ஏதோ கேட்டார். இழுப்பறை திறக்கும் சத்தம் வந்தது.

"இந்தத் தடவ டேப் வெச்சே அளந்து வெச்சிருக்கோம்," என்றார் ஃப்ளோரிஸ். "சைக்கிள் வேண்டாம்."

கிங்கா சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. அதற்குள் கண்ணும் நிறைந்துவிட்டது. அளவை எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் செஸியா சூப் கொண்டுவந்தாள். மேஜை மேல் ஈயக் கயிறும், குண்டூசி டப்பாவும், கேனியாவின் கத்தரியும் இருந்தன. கிங்கா ஒரு கைக்குட்டையை விரித்து ஓரம் மடித்துத் தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். செஸியா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத எவளாவது தையல்னு சொல்வாளா? லிஃப்ட் கயிறு முறுக்கின மாதிரி இருக்கு. உங்கம்மா பார்த்தா எழுந்து வந்துடுவா."

"வரட்டுமே," என்றாள் கிங்கா.

செஸியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கைக்குட்டையின் நூலைப் பிரித்தாள். ஊசியைக் கோத்து கிங்காவின் கையில் கொடுத்தாள்.

கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஹாலந்தில் மாடி அறை ஜன்னலில் அந்தத் திரை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஓரம் மடிக்கவில்லை. ஒரு முழத்துக்கு மேல் தரையில் கிடக்கிறது.